எதுவும் பக்கம் மாறவில்லை

சித்தூர் பஜாரில் எண்ணெய் வாங்க வருகிறவர்கள் சொம்பைக் கையோடு கொண்டுவருவார்கள். 1960-களின் கடைசியில் அதுதான் வழக்கம். பாக்கெட் எண்ணெய் எங்கள் ஊருக்கு அப்போது வந்திருக்கவில்லை. என் நைனா ஒரு கடலை எண்ணெய்க் கடையில் தராசு பிடிக்கிற வேலையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற பல வீடுகளிலும் அப்பா நைனாதான். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போய் மூட்டை மேல் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். காலிச் சொம்பை இடது தட்டில் வைப்பார். வலது தட்டு மேலே ஏறிவிடும். ஒரு கூழாங்கல், ஓர் ஓட்டுத் துண்டு, துருப்பிடித்த இரண்டு ஆணி என்று வலது தட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு, முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவார். இதற்குத் தடை கட்டுவது என்று பெயர். அதற்குப் பிறகுதான் வலது பக்கம் ஒரு கிலோ எடைக்கல் ஏறும், சொம்பில் எண்ணெய் இறங்கும். முள் மறுபடி நடுவுக்கு வந்ததும் சொம்பைத் தூக்கி நீட்டுவார். எண்ணெய் எவ்வளவு என்று யாரும் அவரைச் சந்தேகப்பட்டுக் கேட்டதில்லை. முள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது.

நைனா மூன்றாம் வகுப்போடு நின்றவர். இயற்கணிதம் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார். நான் அதே ஊரில், அதே நாட்களில், இயற்கணிதம் படித்துக்கொண்டிருந்தேன்.

1970-இல் எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். கணக்கு வாத்தியார் கெட்டவர் இல்லை. மழையானாலும் சைக்கிளில் வந்துவிடுவார். ஒரு நாள் பாடம் தவறியதில்லை. கையில் ஒரு புங்கங்குச்சி இருக்கும். எக்ஸ் கூட்டல் 7 சமம் 12 என்று கரும்பலகையில் எழுதுவார். "பக்கம் மாறினா?" என்பார். "குறி மாறும்!" என்று அறுபது பேரும் கத்துவோம். கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தல், பெருக்கல் அந்தப் பக்கம் போனால் வகுத்தல். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. போட்ட கணக்கு சரியா தப்பா என்று அறிய எங்களுக்கு இருந்தது இரண்டே வழி. ஒன்று, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற விடை. மற்றொன்று, வாத்தியாரின் முகம். சிலேட்டை நீட்டிவிட்டு அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்த வருஷம் எனக்குக் கணக்கில் 87 மதிப்பெண். எக்ஸ் என்றால் என்ன, சமம் என்று போடுகிற அந்த இரண்டு கோடு எதைச் சொல்கிறது என்பது தெரியாமலே வாங்கிய 87.

பிறகு நானே கணக்கு வாத்தியார் ஆனேன். பதினைந்து வருஷத்துக்கு மேல், எனக்குச் சொன்னதையே நானும் சொன்னேன். குச்சி மட்டும் என் கையில் இல்லை. 1990-களில் ஒரு நாள் ஏழாம் வகுப்பில், மாம்பழக்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகிற ஒரு தாயின் மகள் எழுந்து நின்றாள். "சார், 7 இந்தப் பக்கம் இருக்கச் சொல்ல கூட்டலா இருக்குது. அந்தப் பக்கம் போனா கழித்தலா ஆயிடுது. வழியில அதுக்கு என்னா ஆவுது சார்?" என்றாள். நாங்கள் யாரும் வாயைத் திறந்து கேட்காத கேள்வி. "அது விதிம்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். அந்த "உட்காரு" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் நைனாவிடம் இதைச் சொன்னேன். அப்போது அவர் வேலையை விட்டிருந்தார். தராசை மட்டும் விடவில்லை, பரணில் வைத்திருந்தார். இறக்கச் சொன்னார். சொம்பை வைத்தார், தடை கட்டினார், எண்ணெய்க்குப் பதில் அரிசியைக் கொட்டினார், எடைக்கல்லை வைத்தார். முள் நடுவில் நின்றது. பிறகு அரிசியை மட்டும் தட்டில் விட்டுவிட்டு இந்தப் பக்கம் சொம்பை எடுத்தார், அந்தப் பக்கம் தடைக்கல்லை எடுத்தார். முள் ஆடி, மறுபடி நடுவில் நின்றது. "இதுல எது எங்கடா பக்கம் மாறுச்சு? எதுவும் மாறல. ரெண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்தேன்" என்றார்.

எனக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது.

எக்ஸ் கூட்டல் 7 என்று ஒரு தட்டு, 12 என்று ஒரு தட்டு. இரண்டு தட்டிலிருந்தும் 7 எடுத்தால் இந்தப் பக்கம் எக்ஸ் நிற்கும், அந்தப் பக்கம் 5 நிற்கும். 7 எங்கேயும் பயணம் போகவில்லை. வழியில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். முதல் வேலையாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் கையாலேயே சொம்பையும் தடைக்கல்லையும் எடுக்கச் சொன்னேன்.

தராசு எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்ல மாட்டேன். தட்டில் கழித்தல் எண் உட்காராது. 5-லிருந்து எதையோ கழித்தால் 8 வரும் என்ற கணக்கைத் தராசில் காட்ட முயன்றால் நாமே குழம்புவோம், பிள்ளைகளும் குழம்புவார்கள். சமம் என்றால் என்ன என்பதை மனசில் பதிய வைக்கிற வரைக்கும் தராசு. அதற்கு மேல் எண்களை நம்பித்தான் போக வேண்டும்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு கணக்குக்கு இரண்டு மூன்று பெயர். சித்தூர் 1953 அக்டோபர் 1-ஆம் தேதி புதிய ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960-இல் திருத்தணி பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் எது கிடைக்கிறதோ அது. தமிழ்ப் புத்தகத்தில் கோவை என்பது தெலுங்குப் புத்தகத்தில் சமாசம். இங்கே சமன்பாடு, அங்கே சமீகரணம். இங்கே மாறி, அங்கே சரராசி. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இயற்கணிதமே அட்சரகணிதம். எந்த எண்ணைப் போட்டாலும் உண்மையாக நிற்கிற சமத்தைத் தமிழில் முற்றொருமை என்கிறோம், தெலுங்கில் சர்வசமீகரணம். அந்தத் தெலுங்குச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். சமன்பாடு ஏதோ ஓர் இடத்தில் சமம், சர்வசமீகரணம் எல்லா இடத்திலும் சமம். பாடம் முழுவதும் அந்த ஒரு பெயருக்குள் இருக்கிறது. கோவை என்ற தமிழ்ச் சொல்லும் அழகானதுதான்: உறுப்புகளை வரிசையாகக் கோத்தது. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், பூவைக் கோப்பதுபோல் புரிந்துகொள்வார்கள்.

எக்ஸைக் கண்டால் பயப்படுகிற பிள்ளைக்கு நான் பிரம்மகுப்தரைச் சொல்வேன். 628-இல் பிராம்மஸ்புட சித்தாந்தம் எழுதியவர். தெரியாத எண்ணைக் குறிக்க அந்தக் காலத்துக் கணித மரபில் யாவத்தாவத் என்ற பெயர் இருந்தது. எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். சுருக்கி 'யா' என்று எழுதினார்கள். இன்னொரு தெரியாத எண் வந்தால் காளகம், அதாவது கறுப்பு. அடுத்தது நீலகம், நீலம். அடுத்தது பீதகம், மஞ்சள். 1150-இல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்திலும் இதே வழிதான். எவ்வளவோ அவ்வளவு என்றதும் பிள்ளையின் முகம் தெளிந்துவிடுகிறது. எக்ஸ் ஒரு பூச்சாண்டி இல்லை, ஓர் எண்தான். எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை, அவ்வளவே. இந்தக் கட்டுரையில் இனிமேல் நானும் எக்ஸுக்குப் பதில் யா என்றே எழுதுகிறேன். அந்த இரண்டு கோட்டுச் சமக்குறி மிகவும் பிந்தி வந்தது. 1557-இல் வேல்ஸைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்டு தன் புத்தகத்தில் போட்டார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போலச் சமமானவை வேறு இல்லை என்பது அவர் சொன்ன காரணம். தராசுக் கோல் கிடையாக நிற்பதை நினைத்தால் எனக்கு அந்தக் குறிதான் கண்ணில் தெரிகிறது.

கணக்கைத் தாய்மொழியில் சொல்வது எங்கள் பகுதிக்குப் புதிதும் இல்லை. கணித அறிஞர் மகாவீரரின் கணித சார சங்கிரகத்தைப் பாவுலூரி மல்லனா 11-ஆம் நூற்றாண்டிலேயே தெலுங்கில் ஆக்கினார். அந்தத் துணிச்சல் இப்போது குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி இருக்கிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் எண்ணத்தில் பிறந்த பள்ளி. நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் சித்தூர் ஜில்லாதான். அங்கிருந்த கிராமக் கல்வி மையம், ஒரே வாத்தியார் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிற பள்ளிக்கூடங்களுக்காகச் சின்னச் சின்ன அட்டைகளாலான ஒரு பாடமுறையை உண்டாக்கியது. பிள்ளை தானே அட்டையை எடுக்கும், தானே செய்யும், தானே சரிபார்க்கும், அடுத்த படிக்குப் போகும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு ஊக்கம் அங்கிருந்து போனதுதான். எங்கள் ஜில்லாவில் முளைத்த ஒன்று எல்லை தாண்டிச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பக்கத்திலேயே நான் வேலை பார்த்த பள்ளிக்கு நான் ஓய்வு பெறும் வரை வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. தானே சரிபார்க்கும் என்ற அந்த ஒரு சொல்லுக்காகவாவது வந்திருக்க வேண்டும்.

இப்போது மகள் வீட்டில், திருப்பதியில் இருக்கிறேன். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதியிலிருந்து திருப்பதி தனி ஜில்லா. சாயங்காலம் மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை. தெலுங்குப் பிள்ளைகள் பாதி, தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பாதி. பள்ளியில் எல்லோருக்கும் ஆங்கிலம். அவர்களுடைய புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு. இந்த வரியில் என்ன இருக்கிறதோ அதுவே அந்த வரியிலும். சமானக் கோவைகள் என்றால் என்ன என்று கேட்ட ஒரு பையனிடம் அந்தப் புத்தகத்தையே விரித்துக் காட்டினேன். எழுத்து வேறு, சொல்கிற விஷயம் வரிக்கு வரி ஒன்று.

என் காலத்தோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு எவ்வளவோ வசதி. வகுப்பில் சுவர் அளவுக்குத் தொடுதிரை, வீட்டில் அலைபேசி. அடிக்கிற வாத்தியார் இல்லை. இதற்காக நான் மனமாரச் சந்தோஷப்படுகிறேன். முதல் நாள் அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டேன்: 8 + 4 = ▢ + 5. கட்டத்தில் என்ன எண்? எல்லோரும் கையைத் தூக்கினார்கள். "12 சார்!" ஒரு பையன் மட்டும், மிச்சம் இருந்த 5-ஐயும் கூட்டி 17 என்றான். 7 என்று ஒருவரும் சொல்லவில்லை.

இவர்கள் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவில் பால்க்னர், லெவி, கார்பென்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதே கணக்கை வைத்து 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆறாம் வகுப்பில் 145 பிள்ளைகளிடம் கேட்டதில் அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றே சொல்லியிருந்தார்கள். காரணம் எளிது. ஒன்றாம் வகுப்பிலிருந்து சமக்குறியைப் பிள்ளை பார்ப்பதெல்லாம் ஒரே இடத்தில்: இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் விடை. அதனால் "இப்போது விடையை எழுது" என்கிற கட்டளையாகவே அது அந்தக் குறியைப் படித்துவிடுகிறது. தராசின் முள்ளாக யாரும் அதைக் காட்டியதில்லை. இந்த அஸ்திவாரத்தின் மேல் சமன்பாட்டைக் கட்டினால் "பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற மந்திரத்தைத்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

ஒரு நாள் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன். ஏழாவது படிக்கிற ஒரு பெண், 5 + 3யா என்ற கோவையைச் சுருக்கி 8யா என்று எழுதிவிட்டாள். இது உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தப்பு. நான் தப்பு என்று சொல்லவில்லை. "ஓர் எண்ணைப் போட்டுப் பாரும்மா" என்றேன். அவள் 1 போட்டாள். 5-உம் 3-உம் 8. அந்தப் பக்கம் எட்டோரெட்டு 8. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "கரெக்டே கதா சார்?" என்றாள். கண்ணில் அவ்வளவு வெளிச்சம். நான் ஒன்றும் சொல்லாமல் மற்றவர்களைப் பார்த்தேன். மூலையில் இருந்த பையன், "அக்கா, 2 போடு" என்றான். 5-உம் 6-உம் 11. அந்தப் பக்கம் 16. மாடி அமைதியாகிவிட்டது. 3 போட்டார்கள்: 14, 24. 10 போட்டார்கள்: 35, 80. போகப்போக இரண்டும் விலகிக்கொண்டே போனது. 0 போட்டாள்: 5, 0. பலப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "1-க்கு மட்டும் எப்படி சார் சரியா வந்துச்சு?" என்று கேட்டாள்.

முப்பது வருஷத்துக்கு முன் கேட்ட "வழியில என்னா ஆவுது" என்பதற்குச் சமமான கேள்வி இது. இந்தத் தடவை நான் உட்கார் என்று சொல்லவில்லை. "நீ எழுதினது சுருக்கம் இல்லம்மா. ஒரு சமன்பாட்டை எழுதியிருக்கே. 5 கூட்டல் 3யா எப்போ 8யாவுக்குச் சமமா இருக்கும்னு கேட்டா, யா 1-ஆ இருக்கும்போதுதான். அதோட தீர்வையும் நீயே கண்டுபிடிச்சிட்டே" என்றேன். பிறகு அதே கணக்கைத் தராசு முறையில் போட்டோம். இரண்டு தட்டிலிருந்தும் 3யா எடுத்தால் இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 5யா. ஆக, யா என்பது 1. அவள் போட்டுப் பார்த்துக் கண்டதும் தராசு சொன்னதும் ஒன்றாக இருந்தது. சமானக் கோவைக்கும் சமன்பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ஒரு மாதம் பேசியிருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈடாகாது.

போட்டுப் பார்ப்பதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஓர் எண்ணுக்கு உடைந்தால் போதும், இரண்டு கோவைகளும் சமானம் இல்லை என்று முடிந்துவிட்டது. ஓர் எண்ணுக்கு ஒத்துப்போனால் ஒன்றும் முடியவில்லை. யாவின் வர்க்கமும் 2யாவும் 0-க்கும் ஒத்துப்போகும், 2-க்கும் ஒத்துப்போகும்; 3 போட்டால் 9, 6 என்று பிரிந்துவிடும். வர்க்கம் எதுவும் இல்லாத ஒருபடிக் கோவைகள் என்றால் வெவ்வேறு இரண்டு எண்களுக்கு ஒத்துப்போனாலே எல்லா எண்ணுக்கும் ஒத்துப்போகும். வர்க்கம் வந்தால் மூன்று எண்கள் வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். ஏன் என்பதற்குப் பிற்பாடு வருகிற வகுப்புகள் இருக்கின்றன. இப்போதைக்கு, நிறைய எண்களைப் போட்டுப் பார்க்கிற பழக்கமும், பிறகு ஏன் என்று பங்கீட்டு விதியை வைத்துச் சொல்கிற பழக்கமும் போதும்.

திருப்பதியில் இருந்துகொண்டு உதாரணத்துக்குப் பஞ்சம் என்று சொன்னால் பாவம். அலிபிரியிலிருந்து மலைக்கு 3550 படி. என் மாடிப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏறியவர்கள்தான். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிற பாட்டிகளைப் பார்த்தவர்கள். ஏறின படி 'ப' என்றால் மிச்சம் 3550 − ப. ஏறினதையும் மிச்சத்தையும் கூட்டினால்? ப + (3550 − ப) = 3550. பாட்டி எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினாலும் இது உண்மை. முதல் படியிலும் உண்மை, கடைசிப் படியிலும் உண்மை. இது சர்வசமீகரணம், முற்றொருமை. சரி, ஏறினதும் மிச்சமும் சமமாக இருப்பது எங்கே? ப = 3550 − ப. மலை முழுக்க ஒரே ஒரு படிதான் இதற்குப் பதில் சொல்லும்: 1775-ஆவது படி. இது சமன்பாடு. மூன்றாவதாக ஒன்று கேட்டேன்: ப = ப + 1 எந்தப் படியில் உண்மை? கொஞ்ச நேரம் யோசித்தார்கள். ஆறாவது படிக்கிற ஒரு பிள்ளை, "நிக்கிற படியும் அடுத்த படியும் ஒண்ணா இருந்தா மலையே இல்லையே தாத்தா" என்றது. எல்லாப் படியிலும் உண்மை, ஒரு படியில் உண்மை, ஒரு படியிலும் உண்மை இல்லை. மூன்று வகையும் ஒரே மலையில் இருக்கிறது.

லட்டுக் கணக்கும் அப்படித்தான். தரிசனம் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு லட்டு இலவசம், கூடுதலாக வாங்கினால் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று 2020-இல் வைத்தார்கள். நாலு பேர் போய் மொத்தம் 'ல' லட்டு கொண்டுவந்தால் கொடுத்த பணம் 50(ல − 4). அடைப்புக்குறியை நீக்கி 50ல − 4 என்று ஒரு பையன் எழுதினான். "நாலு லட்டு இலவசம்னா நாலு ரூபாதான் குறையுமாடா?" என்று பக்கத்துப் பையனே கேட்டுவிட்டான். 200 குறைய வேண்டும். 50ல − 200. பங்கீட்டு விதியை அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

தீக்குச்சிகளை வைத்து ஒட்டியபடி சதுரங்கள் கட்டச் சொல்லுவேன். முதல் சதுரத்துக்கு 4 குச்சி, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 3. 'ந' சதுரத்துக்கு எத்தனை என்று கேட்டால் ஒரு பெண் 4 + 3(ந − 1) என்பாள். ஒரு பையன் மேல்வரிசை ந, கீழ்வரிசை ந, நட்டுவைத்தவை ந + 1 என்று எண்ணுவான். இன்னொருவன் ஆளுக்கு நாலு என்று 4ந போட்டுவிட்டு, இரண்டு தடவை எண்ணின நடுக்குச்சிகளைக் கழித்து 4ந − (ந − 1) என்பான். மூன்றும் 3ந + 1-தான். 10 சதுரத்துக்கு எல்லோருக்கும் 31. ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்த்தார்கள், மூன்றும் சரி. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன் இப்படி எண் ஒழுங்குகளின் வழியாகவே இயற்கணிதத்துக்குள் பிள்ளைகளை அழைத்துப் போனவர். ராமானுஜன் நினைவு மலர்களைத் தொகுத்தவர் என்றால் பலருக்கும் தெரியும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் ராக்கி பானர்ஜியும் கே. சுப்பிரமணியமும், எழுத்து வருவதற்கு முன்பே வெறும் எண் கோவைகளில் உறுப்புகளைப் பார்க்கப் பழக்கினால் பிறகு இயற்கணிதம் தடுமாறாது என்று ஆராய்ந்து எழுதினார்கள். 2025-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் ஏழாம் வகுப்புக் கணித நூலிலும் எண் கோவைகள் முதலில், எழுத்துக் கோவைகள் பிறகு என்றுதான் பாடம் போகிறது. நல்ல மாற்றம். நாற்பது வருஷம் முன்னால் வந்திருந்தால் நான் எத்தனையோ பிள்ளைகளை உட்காரச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் புத்தகம் மாறுகிற வேகத்துக்கு வீடுகள் மாறவில்லை. என் மாடிக்கு வருகிற ஒரு பையன் ஆறாவதிலேயே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று ஒரு பயிற்சிக்கும் போகிறான். அவனுடைய அலைபேசியில் கணக்குகள் வரும். நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். சரியென்றால் பச்சை டிக், தப்பென்றால் சிவப்புப் பெருக்கல். ஒரு கணக்குக்கு நாற்பது விநாடி. அவன் தொடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தொட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பச்சையா சிவப்பா என்று திரையையே பார்க்கிறான். 1970-இல் சிலேட்டை நீட்டிவிட்டு நான் வாத்தியாரின் புருவத்தைப் பார்த்து நின்றது அப்படியே நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அடிக்குப் பயந்தேன். இவனுக்கு அடி இல்லை. மற்றபடி எது சரி என்று சொல்கிற அதிகாரம் அன்றைக்கும் பிள்ளையிடம் இல்லை, இன்றைக்கும் இல்லை. இயற்கணிதம் அந்த அதிகாரத்தைப் பிள்ளை கையில் கொடுக்கிற பாடம். ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் வாத்தியாரும் வேண்டாம், கடைசிப் பக்கமும் வேண்டாம், பச்சை டிக்கும் வேண்டாம். எண்ணெய்க் கடையில் முள்ளைப் பார்த்துவிட்டுச் சொம்பை வாங்கிப் போனவர்களைப் போல, பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்துத் திருப்தியாகலாம்.

உங்கள் வீட்டில் ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளை இருந்தால், இன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஆனதும் ஒரு துண்டுக் காகிதத்தில் 8 + 4 = ▢ + 5 என்று எழுதிக் கொடுங்கள். 12 என்று சொன்னால் திட்டாதீர்கள். ஒரு குச்சி, கொஞ்சம் கயிறு, இரண்டு கொட்டாங்கச்சி இருந்தால் தராசு ஆயிற்று. ஒரே அளவான புளியங்கொட்டைகளைக் கொடுத்து, இந்தப் பக்கம் எட்டும் நாலும், அந்தப் பக்கம் ஐந்தும் போடச் சொல்லுங்கள். கோல் நேராக நிற்க இன்னும் எத்தனை என்று அதுவே போட்டுப் பார்க்கட்டும். பார்த்து முடித்துவிட்டு, சரியா என்று உங்கள் முகத்தைப் பார்த்தால், தயவுசெய்து தலையாட்டாதீர்கள். கோலைக் காட்டுங்கள்.